பாம் ஸ்பிரிங்ஸில் அறுபது வயதான நவீன வீடு வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிபோர்னியாவின் பாலைவன ஊரான பாம் ஸ்பிரிங்ஸில் 1950களிலும் 60களிலும் கட்டிய வீடு ஒன்று விற்பனைக்கு வந்தால் போதும், அதன் படங்கள் எங்கள் நண்பர் வட்டத்தில் கைபேசிக்குக் கைபேசி பறக்கும். நீல நீச்சல் குளம், பின்னால் மலை, ஆரஞ்சுக் கதவு, இரண்டு பனைமரம். அடுத்த அரை மணியில் எனக்கு அழைப்பு வரும். நான் வீட்டுத் தரகன் அல்ல, கட்டடக் கலைஞனும் அல்ல. ஆனால் வாங்க ஆசைப்பட்ட பலருக்குத் துணையாகப் போய், அந்த வீடுகளின் கூரையில் ஏறியும் குளியலறைத் தரையில் குனிந்தும் பார்த்திருக்கிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

"மிட்-செஞ்சுரி மாடர்ன்" என்கிறார்களே, அது என்ன?

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அமெரிக்காவில் கோலோச்சிய வீட்டுப் பாணி. ஒரே தளம். தட்டையான, அல்லது லேசாகச் சாய்ந்த கூரை. சுவர்கள் தாங்க வேண்டிய பாரத்தைத் தூணும் உத்தரமும் தாங்குவதால், சுவர் இருக்க வேண்டிய இடத்தில் தரையிலிருந்து உத்தரம் வரை கண்ணாடி. கூடத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் நடுவே ஒரு நகரும் கதவுதான். தெருப் பக்கம் மட்டும் ஏறக்குறைய ஊமைச் சுவர். வெளியிலிருந்து பார்த்தால் வீடா கிடங்கா என்று சந்தேகம் வரும்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதில் சில பொருள்கள் பழக்கமானவை. வேலியாகவும் திரையாகவும் நிற்கும் ஓட்டைக் கல் சுவர், நாம் மாடிப்படிக்கு வைத்த சிமெண்ட் ஜாலியின் உடன்பிறப்பு. 'டெரஸோ' என்று விளம்பரத்தில் பெருமையாகப் போடுவது நம் மொசைக் தரை. ஊரில் அதை உடைத்துவிட்டு டைல்ஸ் போட்டோம். இங்கே அது இருந்தால் விலை கூடுகிறது.

இந்த ஊரில் மட்டும் ஏன் இத்தனை வீடுகள்?

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து கிழக்கே சுமார் 170 கிலோமீட்டர். சான் ஹசின்டோ மலை 3,300 மீட்டர் உயரத்தில் ஊரின் மேற்கே செங்குத்தாக நிற்கிறது. குளிர்காலத்தில் பகல் இதமாக இருக்கும். பணம் உள்ளவர்கள் அந்த நான்கைந்து மாதம் தங்க இரண்டாவது வீடு கட்டினார்கள். ஆண்டு முழுவதும் குடியிருக்கும் வீடு என்றால் மனிதர்கள் பயந்து பயந்து கட்டுவார்கள். விடுமுறை வீடு என்றால் கட்டடக் கலைஞர் சொல்வதைக் கேட்பார்கள். பிட்ஸ்பர்க் அங்காடி முதலாளி எட்கர் காஃப்மனுக்காகக் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் நாய்ட்ரா 1946இல் கட்டியதும், பாடகர் ஃப்ராங்க் சினாட்ராவுக்காக ஸ்டூவர்ட் வில்லியம்ஸ் 1947இல் கட்டியதும் இப்படி வந்தவைதாம். காஃப்மன் அதற்கு முன்பே ஃப்ராங்க் லாயிட் ரைட்டை அழைத்துப் பென்சில்வேனியாவில் ஓர் அருவியின் மேலேயே வீடு கட்டிக்கொண்டவர். அப்படிப்பட்ட ஆசாமி.

பிறகு ஜார்ஜ் அலெக்சாண்டரும் மகன் ராபர்ட்டும் வந்தார்கள். பெரும் பணக்காரருக்கு மட்டுமே கிடைத்த பாணியை நடுத்தர வர்க்கத்துக்கு மலிவாகக் கட்டிக் கொடுத்தார்கள். 1955 முதல் 1965 வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். அவற்றில் பெரும்பாலானவற்றை வடிவமைத்தவர் வில்லியம் கிரைசெல். 1965 நவம்பரில் நடந்த ஒரு விமான விபத்தில் தந்தையும் மகனும் இறந்தார்கள். அந்த அலையும் அதோடு தணிந்தது.

இதில் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்றுதான்: இவை குளிர்காலத்துக்கான வீடுகள். கீழே வரும் முக்கால்வாசிச் சிக்கல்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

எப்போது போய்ப் பார்ப்பது நல்லது?

ஜூலையில், பிற்பகல் மூன்று மணிக்கு.

எல்லாரும் பிப்ரவரியில் போகிறார்கள். அந்த மாதம்தான் மாடர்னிசம் வீக் என்ற பெரிய கட்டடக்கலைத் திருவிழா நடக்கிறது. வீடுகளைத் திறந்து காட்டுகிறார்கள், வானம் நீலம், காற்று பதம். அப்போது பார்த்தால் எந்த வீடும் பிடிக்கும். 2024 ஜூலை 5 அன்று இந்த ஊரில் 51.1 டிகிரி செல்சியஸ் பதிவானது; ஊரின் வரலாற்றிலேயே உச்சம். அப்படி ஒரு நாளில் மேற்குக் கண்ணாடியிலிருந்து இரண்டடி தள்ளிப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஏ.சி. ஓடும் ஓசையைக் கேளுங்கள். அது நிற்கிறதா, நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறதா என்று கவனியுங்கள். விற்பவர் சொல்லாத பல விஷயங்களை அந்தப் பத்து நிமிடம் சொல்லிவிடும். இன்னொரு லாபமும் உண்டு: கோடையில் வாங்க வருபவர் குறைவு, ஆகவே பேரம் பேச இடம் இருக்கும்.

"அலெக்சாண்டர் வீடு", "வெக்ஸ்லர் வீடு" என்று விளம்பரம் செய்கிறார்களே, நம்பலாமா?

பெயர் சேர்ந்தால் விலை ஏறும். ஆகவே பெயர் தாராளமாகச் சேர்க்கப்படுகிறது. நகராட்சியில் இருக்கும் பழைய கட்டட அனுமதிகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கட்டியவர் பெயரும் ஆண்டும் பெரும்பாலும் அதில் இருக்கும்.

அலெக்சாண்டர் வீடுகளில் ஒரு சூட்சுமம் உண்டு. தெருவில் நடந்தால் ஒவ்வொரு வீடும் வேறு வேறாகத் தெரியும்: ஒன்றுக்கு இறக்கையை விரித்த பட்டாம்பூச்சிக் கூரை, அடுத்ததற்குத் தட்டைக் கூரை, அதற்கடுத்ததற்கு நடுவில் உயர்ந்த கூரை. உள்ளே போனால் ஏறக்குறைய ஒரே வரைபடம்தான். சதுரமான திட்டத்தை மனைக்கு மனை தொண்ணூறு பாகை திருப்பி வைத்து, கூரையை மட்டும் மாற்றினார் கிரைசெல். சிக்கனத்தை இவ்வளவு அழகாக மறைத்த கட்டடக் கலைஞர்கள் குறைவு.

கட்டடக் கலைஞர் டொனால்ட் வெக்ஸ்லரின் எஃகு வீடுகள் வேறு கதை. 38 வீடுகள் கட்டுவதாகத் திட்டம். எஃகு விலை ஏறியதால் 1962இல் ஏழோடு நின்றுவிட்டது. அந்த ஏழில் ஒன்று விற்பனைக்கு வந்தால் ஊருக்கே தெரியும். ஆகவே எட்டாவது எஃகு வீட்டை யாராவது உங்களிடம் விற்க வந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

வீடு வாங்கினால் நிலமும் நமக்குத்தானே?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நானே எழுதிச் சேர்த்தேன், ஏனென்றால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

பாம் ஸ்பிரிங்ஸ் வரைபடம் ஒரு சதுரங்கப் பலகை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் பாதை போடுவதற்காக, ஒரு மைல் சதுரங்களாகப் பிரித்த நிலத்தில் ஒற்றைப்படைச் சதுரங்கள் ரயில் நிறுவனத்துக்குப் போயின. 1876 முதல் இரட்டைப்படைச் சதுரங்கள் ஆகுவா கலியென்டே கவீயா பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டன. அவர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் காலங்காலமாக வாழ்ந்தவர்கள். வெந்நீர் ஊற்றும் அவர்களுடையதே. இன்றும் அவர்களின் ஒதுக்கீட்டு நிலம் சுமார் 32,000 ஏக்கர். அதில் ஒரு பகுதி நகரத்துக்குள்ளேயே இருக்கிறது.

விளைவு: ஒரு தெருவில் இருக்கும் வீடு சொந்த மனையில் நிற்கும், அடுத்த தெருவில் அதே பாணி, அதே ஆண்டு வீடு குத்தகை மனையில் நிற்கும். 1959இல் கூட்டரசுச் சட்டம் 99 ஆண்டுக் குத்தகைக்கு வழி திறந்த பிறகுதான் பழங்குடி நிலத்தில் பெரிய அளவில் வீடுகள் எழுந்தன. அப்போது போட்ட குத்தகையில் எத்தனை ஆண்டு தீர்ந்துவிட்டது என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

குத்தகை மனை வீடு மலிவாகத் தெரியும். ஆனால் நிலத்துக்கு உரியவருக்குக் குத்தகைத் தொகை கட்ட வேண்டும். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை அது உயரலாம். குத்தகை தீரும்போது நீட்டிக்கப்படாவிட்டால் வீட்டின் கதி ஒப்பந்தத்தில் எழுதியபடிதான். வங்கியோ, தன் கடன் முடிந்த பின்னும் சில ஆண்டுகள் குத்தகை மிஞ்ச வேண்டும் என்று பார்க்கும். மிஞ்சாவிட்டால் கடன் கிடையாது. நாளை உங்களிடம் வாங்க வருபவருக்கும் கிடையாது. ஊரில் பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்க்காமல் முன்பணம் கொடுப்போமா? இங்கே அந்த இடத்தில் குத்தகைப் பத்திரத்தை வைத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் வழக்கறிஞரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். குத்தகை மனை கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மீதி ஆண்டும் தொகையும் தெரிந்து, அதற்கேற்ற விலைக்கு வாங்கினால் நியாயமான பேரம்தான்.

இந்த நிலத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. பளபளப்பான விளம்பரங்களில் அது வராது. நகர நடுவே 'செக்‌ஷன் 14' எனப்படும் பழங்குடிச் சதுரத்தில் வாடகைக்கு வாழ்ந்த கறுப்பின, லத்தீன் இனக் குடும்பங்கள் 1950களிலும் 60களிலும் வெளியேற்றப்பட்டன. அவர்களின் வீடுகள் இடித்துக் கொளுத்தப்பட்டன. இந்த ஊரின் ஹோட்டல்களிலும் வீடுகளிலும் வேலை செய்தவர்கள் அவர்கள். நகராட்சி 2021இல் மன்னிப்புக் கேட்டது. 2024இல் 59 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது.

தட்டைக் கூரை ஒழுகாதா?

ஒழுகும். எப்போது என்பதுதான் கேள்வி.

ஆண்டுக்கு ஐந்து அங்குலத்தை ஒட்டிய மழைதான் இங்கே. அதனால் கூரையில் ஓட்டை விழுந்தாலும் பத்து மாதம் யாருக்கும் தெரியாது. பிறகு ஒரே நாளில் கொட்டும். 2023 ஆகஸ்டில் ஹிலாரி புயல் வந்தபோது ஓர் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஒரு நாளில் பெய்தது. அதன் பிறகு கூரை வேலைக்காரர்களுக்கு ஓய்வே இல்லை. பட்டாம்பூச்சிக் கூரையில் தண்ணீர் நடுப் பள்ளத்துக்குத்தான் வரும். அங்கே மணலும் சருகும் அடைத்திருந்தால் நீர் உள்ளே இறங்க வழி தேடும்.

நான் சொல்ல வந்தது ஒழுகல் மட்டும் அல்ல. இந்த வீடுகளில் மச்சு கிடையாது. உள்ளே அண்ணாந்து பார்த்தால் தெரியும் மரப்பலகைதான் கூரையின் அடிப்பாகம். அதற்கு மேல் உடனே வானம். மின்கம்பிக்கும் ஏ.சி. குழாய்க்கும் ஒளிந்துகொள்ள இடம் இல்லாததால் பல வீடுகளில் அவை கூரை மேல் வெயிலில் கிடக்கின்றன. குளிர்ந்த காற்று ஐம்பது டிகிரியில் காய்ந்த தகரக் குழாய் வழியாக வீட்டுக்குள் வருவதை நினைத்துப் பாருங்கள். வெப்பத்தைத் தடுக்க ஒரே வழி பலகைக்கு மேலே தடுப்பு போடுவதுதான். இப்போது பெரும்பாலும் நுரையைத் தெளித்து, அதன் மேல் வெள்ளைப் பூச்சு பூசுகிறார்கள். வேலை நன்றாக இருந்தால் அது வெப்பத்தையும் தடுக்கும், நீரையும் தடுக்கும்; ஆனால் பூச்சைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கடைசியாக எப்போது பூசினார்கள் என்று கேளுங்கள், ரசீதையும் கேளுங்கள். நுரையை அளவுக்கு மீறி ஏற்றினால் கூரையின் விளிம்பு தடித்து, அந்த மெல்லிய கோடு போய்விடும். இந்த வீட்டுக்கு அழகே அந்தக் கோடுதான்.

என் நண்பர் ஒருவர் அவசரத்தில் கூரையைப் பார்க்காமல் ஒப்பந்தம் போட்டார். முதல் மழையில் வரவேற்பறைப் பலகையில் இலங்கை வடிவத்தில் ஒரு கறை. இப்போதும் அதை வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்.

இவ்வளவு கண்ணாடி இருந்தால் மின்கட்டணம் தாங்குமா?

ஒற்றைக் கண்ணாடியாக இருந்தால் கோடையில் தாங்காது. நல்ல கட்டடக் கலைஞர்கள் கூரையை வெளியே நீட்டி, தெற்குக் கண்ணாடிக்குக் கோடை வெயில் படாமல் செய்தார்கள்; குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து வரும்போது வெயில் உள்ளே வரும். கணக்குச் சரிதான், மேற்கைத் தவிர. மாலை வெயில் படுத்தபடி வரும். எந்த நீட்டலும் அதைத் தடுக்காது.

புதுச்சேரியின் கோல்கொண்டா விடுதி நினைவுக்கு வருகிறது. ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்த அதுவும் நவீனக் கட்டடம்தான், இவற்றுக்கு மூத்தது. ஆனால் அங்கே கண்ணாடிக்குப் பதில் சுவர் முழுதும் சாய்பலகைகள்; கட்டடமே மூச்சு விடுகிறது. புழுக்கமான கடலோரத்துக்கு அது பொருந்தும். இங்கே கோடையில் ஜன்னலைத் திறந்தால் வருவது அடுப்புக் காற்று. மூடி, குளிரூட்டி, நிழல் தேடுவதுதான் வழி.

இரட்டைக் கண்ணாடி மாற்றலாம், ஆனால் அதைப் பிடிக்கும் சட்டம் தடிக்கும். மெல்லிய சட்டத்தில் கிடைப்பது விலை அதிகம். வெப்பம் தடுக்கும் தாளைக் கண்ணாடியில் ஒட்டுவதும் வெளியே மரமோ திரையோ வைப்பதும் சிக்கனம். விற்பவரிடம் ஜூலை, ஆகஸ்ட் மாதக் கட்டண ரசீதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். பழைய நகரும் கதவுகளின் கண்ணாடி உடைந்தால் வாளாகப் பிளக்கும் ரகமா என்றும் பாருங்கள். உடைந்தால் சில்லாக நொறுங்கும் பாதுகாப்புக் கண்ணாடி 1977க்குப் பிறகுதான் நாடெங்கும் கட்டாயமானது. குழந்தைகள் உள்ள வீட்டில் இது முதல் வேலை. குளத்துக்கு வேலி இரண்டாவது.

கண்ணுக்குத் தெரியாத செலவு எங்கே ஒளிந்திருக்கும்?

தரைக்கு அடியில். நீர்க் குழாய்களைக் கான்கிரீட் தளத்துக்குள்ளேயே பதித்த காலம் அது. செம்புக் குழாய் அறுபது ஆண்டில் அரித்து உள்ளே கசியும். தரையில் ஓரிடம் காரணமில்லாமல் வெதுவெதுப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். கழிவுக் குழாய் வார்ப்பிரும்பாக இருக்கலாம், அல்லது தார் தோய்த்த காகித நாராலான குழாயாக இருக்கலாம், பின்னது நசுங்கிப்போகும். கேமரா விட்டுப் பார்க்கச் சில நூறு டாலர். மாற்ற ஆயிரக்கணக்கில்.

கல்நார் தரை ஓட்டிலும் பழைய குழாய் உறையிலும் இருக்கக்கூடும். 1978க்கு முன் கட்டிய வீட்டில் ஈயப் பெயிண்ட் பற்றி விற்பவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லியாக வேண்டும். பரிசோதிக்கப் பத்து நாள் உங்களுக்குச் சட்டப்படி உண்டு. உத்தரத்தில் கரையானும் இருக்கலாம்.

நிலநடுக்கம்?

சான் ஆண்ட்ரியாஸ் பிளவு இந்தப் பள்ளத்தாக்கின் ஊடாகத்தான் ஓடுகிறது. வழக்கமான வீட்டுக் காப்பீடு நிலநடுக்கத்தை ஏற்காது. தனியே எடுக்க வேண்டும். மரத்தாலான ஒற்றைத்தள வீடு ஆட்டத்தை ஓரளவு தாங்கும் ரகம்தான். ஆனால் சுவர் குறைவு, கண்ணாடி அதிகம் என்பதால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டுவது புத்திசாலித்தனம்.

அன்றாடம் தொல்லை தருவது காற்றுதான். ஊருக்கு வடமேற்கே இருக்கும் கணவாயில் காற்றாலைகள் காடாக நிற்பதைப் பார்த்தாலே புரியும். வட பகுதி வீடுகளில் மணல் வந்து அறையும்; தென் பகுதி மலை மறைவில் அடங்கியிருக்கும். விலை வித்தியாசத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டலாமா? மனை பெரிதாக இருக்கிறதே?

அப்படி ஒருவர் செய்தார். பக்கத்து ஊரான ராஞ்சோ மிராஜில் நாய்ட்ரா 1962இல் கட்டிய மாஸ்லன் வீட்டை 2002இல் ஒருவர் வாங்கினார். அதே ஆண்டில் அது தரைமட்டமானது. இன்றும் இங்கே அந்தப் பெயரைச் சொன்னால் முகம் மாறும். அதற்குப் பிறகு பாதுகாப்புக் குரல் வலுத்தது. பாம் ஸ்பிரிங்ஸ் நகராட்சி 'கிளாஸ் 1' என்று அறிவித்த வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்ற வரலாற்றுப் பாதுகாப்பு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும்.

அது சுமை மட்டும் அல்ல. 1972இல் வந்த மில்ஸ் சட்டப்படி, இப்படிப்பட்ட வீட்டைப் பேணிக் காப்பதாக நகராட்சியோடு பத்தாண்டு ஒப்பந்தம் போட்டால் சொத்து வரி கணிசமாகக் குறையும். ஒப்பந்தம் ஆண்டுதோறும் தானே நீள்கிறது. வீட்டை விற்றாலும் வாங்கியவரைத் தொடர்கிறது.

பெரிய வீடுதான் வேண்டும் என்றால் தயவுசெய்து வேறு மனை பாருங்கள்.

வாஸ்து பார்க்கலாமா?

சிரிக்காமல் பதில் சொல்கிறேன். கிரைசெல் ஒரே வரைபடத்தைத் திருப்பித் திருப்பி வைத்ததால், கிழக்கு வாசல் வேண்டும் என்றால் கிழக்கு வாசல் கிடைக்கும். இரண்டு வீடு தள்ளிப் போனால் போதும். என் கவலை வேறு திசை பற்றியது. குளமும் பெரிய கண்ணாடியும் எந்தப் பக்கம்? மேற்குப் பார்த்தால் மலைக்காட்சி கிடைக்கும், கூடவே மாலை வெயிலும். மலையடியை ஒட்டிய வீடுகளில் மட்டும் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும். கோடையில் அது வரம், ஜனவரியில் குளத்தில் இறங்கினால் பல் தந்தியடிக்கும்.

விடுமுறை வாடகைக்கு விட்டுக் கடனை அடைத்துவிடலாமா?

அந்தக் கணக்கோடு வாங்காதீர்கள். உரிமம் இல்லாமல் விட முடியாது. 2022இல் கொண்டுவந்த விதிப்படி ஒரு குடியிருப்புப் பகுதியில் இருபது சதவீத வீடுகளுக்கு மேல் உரிமம் கிடையாது. புதிய உரிமத்துக்கு ஆண்டுக்கு 26 முறைதான் விடலாம். பிரபலமான பகுதிகளில் காத்திருக்க வேண்டியிருக்கும். விற்பவரின் உரிமம் வீட்டோடு உங்களுக்கு வந்துவிடாது.

சொத்து வரி எவ்வளவு?

வாங்கிய விலையில் ஒரு சதவீதம், அதன் மேல் உள்ளூர் வரிகள். 1978இல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த 13ஆம் முன்மொழிவுப்படி, மதிப்பீடு ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறாது. ஆகவே முப்பது ஆண்டாக இருக்கும் விற்பனையாளர் கட்டும் வரியைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்களுக்குப் புது விலையில்தான் கணக்கு.

இந்தியாவில் இருந்துகொண்டே வாங்க முடியுமா?

முடியும். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம். குடும்பத்தினர் சேர்ந்தும் அனுப்பலாம். வீடு வாங்கியதால் விசா கிடைக்காது. பின்னாளில் விற்கும்போது, வெளிநாட்டவர் என்பதால் பொதுவாக விற்பனைத் தொகையில் 15 சதவீதத்தை வரிக்காகப் பிடித்து வைப்பார்கள்; கணக்கு முடித்துத் திரும்பப் பெற வேண்டும். பார்க்காமல் படத்தை நம்பி மட்டும் வாங்காதீர்கள். அகலக் கோண லென்ஸ் எந்தக் குளத்தையும் ஏரியாக்கும்.

வாங்கிய பிறகு எதை முதலில் மாற்றுவது?

ஒரு கோடை முழுக்க எதையும் மாற்றாதீர்கள், கூரையையும் குழாயையும் தவிர. வாங்கி விற்கும் வியாபாரிகள் செய்வதைப் பார்த்து நொந்திருக்கிறேன்: மொசைக் மேல் சாம்பல் நிற பிளாஸ்டிக் பலகை, மரக் கூரைக்கு வெள்ளைப் பெயிண்ட், கதவுக்கு மட்டும் ஆரஞ்சு. அந்தப் பலகையின் மூலையைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் அசல் தரை அப்படியே இருந்த வீடும் உண்டு. நண்பருக்கு அன்று சீட்டு விழுந்த மகிழ்ச்சி.

பார்க்கப் போகும்போது என்ன எடுத்துப் போக வேண்டும்?

தண்ணீர் பாட்டில். தொப்பி. கைபேசித் திசைகாட்டி. எஃகு என்று சொன்னால் சரிபார்க்க ஒரு காந்தம். தளம் எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று அறிய ஒரு கோலிக்குண்டு. கூடத்தின் நடுவில் வைத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். ஏணியை விற்பவரிடமே கேளுங்கள். கூரையில் ஏற வேண்டாம் என்று அவர் சொன்னால், கட்டாயம் ஏறுங்கள்.